வாழ்நாள் கல்வியும் தோட்டத் தமிழரும்: பத்து பாகாட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மாறிவரும் உலகில் மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, கடந்த அரை நூற்றாண்டாகக் கல்வி அறிக்கைகளில் தொடர்ந்து வலியுறுத்தப்பட்டு வருகின்றது. எட்கர் ஃபோர் தலைமையில் அமைந்த குழு 1972இலும், ஜாக் டெலோர் தலைமையில் அமைந்த குழு 1996இலும் யுனெஸ்கோ நிறுவனத்திற்கு அளித்த அறிக்கைகள் இக்கருத்துக்கு உலகளாவிய ஏற்பைப் பெற்றுத் தந்தன. மலேசிய அரசும் 2011 முதல் 2020 வரையிலான காலத்திற்கு, வாழ்நாள் கல்வியை மக்கள் பண்பாடாக்கும் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது.

இவ்வறிக்கைகளையும் இவற்றைத் தழுவி நம்மிடையே நிகழ்த்தப்பெறும் உரைகளையும் நோக்குமிடத்து, இரண்டு எண்ணங்கள் அவற்றின் அடியில் இருப்பதை உணரலாம். வாழ்நாள் கல்வி என்பது அண்மையில் தோன்றிய சிந்தனை என்பது ஒன்று. பின்தங்கியோர்க்குக் கற்கும் ஆர்வம் குறைவு, ஆதலின் அதனை ஊட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாறு இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடந்தரவில்லை என்பதே நமது கருத்து. நேரம், இடம், மொழி, பயன் ஆகிய நான்கும் கூடிவந்த காலத்தில் எழுத்தறியாத் தொழிலாளரும் ஆர்வத்தோடு கற்றனர். இந்நான்கும் விலகிய காலத்தில் கல்வியும் அவர்களை விட்டு விலகியது. இதனை ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் வட்டாரத்தை முன்வைத்து, நாட்டின் பொது வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

உளியால் பெயர்பெற்ற ஊர்

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயர், உளியால் செதுக்கிய கல் என்று பொருள்படும். 15ஆம் நூற்றாண்டில் மலாக்காமீது படையெடுத்த சயாமிய வீரர், குடிநீருக்காக இங்குப் பாறையை வெட்டிக் கிணறு அமைத்தனர் என்றும், அதுவே ஊருக்குப் பெயர் தந்தது என்றும் மரபுவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. மின்யாக் பெக்கு என்னும் கடற்கரைச் சிற்றூரில் அக்கிணறு இன்றும் காட்டப்படுகின்றது.

இன்றைய நகரம் 1894 அளவில் பண்டார் பெங்காரம், அதாவது உப்புக் காய்ச்சுவோர் பட்டணம், என்னும் பெயரோடு உருவாக்கப்பெற்றது. அதனை உருவாக்கிய டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே பின் பேராங் (1841–1915) என்பாரின் வாழ்க்கை நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. சிங்கப்பூரில் கீஸ்பெரி பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்ற இவர், அரசுப் பணியில் சேர்ந்த பின்னரே சீனமொழியைக் கற்றார். ஜொகூரின் மிளகு, காம்பியர் தோட்டங்களில் சீனர் பெருந்தொகையினராக இருந்தமையால் அம்மொழியறிவு ஆட்சிக்குத் தேவைப்பட்டது. நில அளவைக் கலையையும் பணியில் இருந்தபடியே பயின்று, ஜொகூர் நாட்டின் வரைபடத்தை உருவாக்குவதில் பெரும்பங்காற்றினார். தம் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதிவைத்தார். மலாய் மொழியின் தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் ஒன்றாகக் கருதப்படும் அதனை, அமின் ஸ்வீனி ஆங்கில மொழிபெயர்ப்போடும் ஆய்வோடும் 1980இல் வெளியிட்டார்.

ஆகவே, 'வாழ்நாள் கல்வி' என்னும் சொல்லாட்சி பிறப்பதற்கு முன்பே, வாழ்நாள் முழுதும் கற்ற ஒருவரால் உருவான ஊர் இஃது எனலாம். எனினும் அவர் கற்றதற்கு ஆர்வம் ஒன்றே காரணமன்று என்பதையும் நோக்குதல் வேண்டும். கற்பதற்கான நேரத்தையும் வாய்ப்பையும் அவருடைய பணியே தந்தது. கற்றவை அனைத்தும் பதவியாகவும் பொறுப்பாகவும் பயன் தந்தன.

அவர் அமைத்த ஊரும் மாற்றங்களுக்குத் தப்பவில்லை. தென்னையும் ரப்பரும் வட்டாரத்தை நிறைத்தன. 1920களின் தொடக்கத்தில் ஸ்ரீ மேடானில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இரும்புத்தாது வெட்டத் தொடங்கியது. பின்னாளில் செம்பனையும், நெசவு, ஆயத்த ஆடை, பிஸ்கட் ஆகியவற்றின் தொழிற்சாலைகளும் வந்தன. ஒவ்வொரு மாற்றமும் புதிய அறிவை வேண்டி நின்றது. அவ்வறிவைப் பெறும் வழி எவர்க்குத் திறந்திருந்தது என்பதே வரலாற்று நோக்கில் நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

ஆறாம் வகுப்போடு நின்ற பாதை

பத்து பாகாட் மாவட்டம் பெரிதும் மலாய், ஜாவானிய, சீனச் சிறுதோட்டக்காரர்களின் நிலமாகும். தமிழர் இங்கு என்றும் சிறுபான்மையினர். யோங் பெங் போன்ற உட்பகுதித் தோட்டங்களிலும் நகரின் சிறுபணிகளிலுமாக அவர்கள் சிதறி வாழ்ந்தனர். ஆயினும் அவர்களுடைய கல்வி வரலாறு, நாட்டின் ஏனைய தோட்டத் தமிழரின் கல்வி வரலாற்றோடு ஒத்ததே ஆகும்.

கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பள்ளி அமைக்க வேண்டும் என்னும் கடப்பாட்டைக் கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் உறுதிப்படுத்தியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களுக்கு அச்சட்டம் பொருந்தியது. கூட்டில் சேராத ஜொகூரும் பின்னர் இதனையொத்த சட்டத்தைக் கொண்டது. சட்டம் வந்ததே தவிர, பள்ளியின் தரம் தோட்ட நிருவாகத்தின் மனநிலையைப் பொறுத்தே அமைந்தது. பல தோட்டங்களில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பினருக்கும் கற்பித்தார்.

இப்பள்ளிகளின் நோக்கம் தொழிலாளர் குடும்பங்களைத் தோட்டத்தில் நிலைநிறுத்துவதே என்பதில் கல்வி வரலாற்றாசிரியரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நான்காம் வகுப்போடும், மிஞ்சினால் ஆறாம் வகுப்போடும் பாதை முடிந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல விரும்பிய மாணவர், 1964இல் கைவிடப்படும்வரை நடைமுறையில் இருந்த நுழைவுத் தேர்வைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டியவரும் புகுமுக வகுப்பில் ஓராண்டு வேற்றுமொழியைப் பயின்ற பிறகே மேலே செல்ல முடிந்தது. தவறியவர் பால்மரக் காட்டிற்கே திரும்பினர்.

பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்ட ஒருவருக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாழ்க்கை. அந்த ஐம்பது ஆண்டுகளில் அவர் கற்றவை யாவை? நம் கல்வி வரலாறுகள் பள்ளிகளின் எண்ணிக்கையையும் அறிக்கைகளின் பெயர்களையும் பதிவு செய்த அளவிற்கு இவ்வினாவிற்கு விடைதேடவில்லை.

கேள்வியால் வளர்ந்த அறிவு

திருக்குறளின் அதிகார வைப்பு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 40ஆம் அதிகாரம் கல்வி. 41ஆம் அதிகாரம் கல்லாமை. அதனையடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பட்டுள்ளது. கல்லாமையோடு மனிதனின் அறிவுப்பாதை முடிந்துவிடுவதில்லை. கேட்டறியும் வழி அவனுக்கு உண்டு என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது. தோட்டத் தமிழர் மேற்கொண்டதும் இவ்வழியே ஆகும்.

ரப்பர்த் தோட்ட வேலையின் அமைப்பு இதற்கு இடம்தந்தது. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும் ஆதலின், விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்த பின் பிற்பகலில் வேலை முடியும். மாலைப் பொழுது தொழிலாளருக்கு உரியதாயிற்று. லயத்தின் வாசலும் கோயில் திடலும் கூடுமிடங்களாயின. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய நாளிதழ்கள் தோட்டங்களுக்கு வந்தபோது, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். மூத்த தொழிலாளரின் நினைவுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் காட்சி இது. ஓர் இதழைப் பலர் 'படித்தனர்'. ஆதலின் விற்பனைத் தொகையைக் கொண்டு அக்கால வாசகரைக் கணக்கிடுதல் பொருந்தாது.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவிற்கு வந்து ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டதற்குப் பின், சீர்திருத்தச் சங்கங்களும் அவற்றையொட்டிய படிப்பகங்களும் பெருகின. கள்ளை விடுதல், திருமணச் செலவைக் குறைத்தல், பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவை பற்றி நிகழ்ந்த சொற்பொழிவுகளும் நாடகங்களும் முதியோர் கல்வியே ஆகும். சான்றிதழோ பாடத்திட்டமோ இல்லாத காரணத்தால் அவற்றைக் கல்வி என்று எந்த அரசறிக்கையும் குறிக்கவில்லை.

கதை வகுப்பும் பல்கலைக்கழக நிதியும்

போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் இம்முயற்சிகள் முறைப்பட்ட வடிவம் பெற்றன. 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' இதழின் வழியே 'கதை வகுப்பு' நடத்தினர். பாடங்கள் நாளிதழில் வெளிவந்தன. பல ஊர்களிலிருந்தும் ஆர்வலர் எழுதியனுப்பிய பயிற்சிகள் திருத்தி மதிப்பிடப்பெற்றன. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் இதன் பங்கை இலக்கிய வரலாறுகள் போற்றுகின்றன. கல்வி வரலாற்று நோக்கில் காணின், தொலைக்கல்வி என்னும் சொல் நம்மிடையே வழக்கிற்கு வருமுன்னரே தமிழில் நடைபெற்ற தொலைக்கல்வி இஃது என்பது புலப்படும். பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டக் கூட்டங்களின் வாயிலாக அப்பயிற்சியைத் தொடர்ந்தார். 'தமிழ் முரசு' இளையோருக்கு மாணவர் மணிமன்றத்தை அமைத்தது. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், பேச்சையும் எழுத்தையும் தோட்டத்து மேடைகளுக்குக் கொண்டு சென்றது.

தொழிற்சங்கமும் ஒரு பள்ளியாயிற்று. பல சங்கங்கள் இணைந்து 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், ரப்பர் விலையோடு இணைத்துக் கூலியை வரையறுக்கும் ஒப்பந்தங்களைக் குறித்துப் பேசியது. விலை உயர்ந்தால் கூலி எவ்வளவு உயரும், தாழ்ந்தால் எவ்வளவு குறையும் என்பதை உறுப்பினர் விளங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கணக்கு அங்கே வாழ்க்கைத் தேவையாகக் கற்கப்பட்டது.

இக்காலத்தின் உச்ச நிகழ்ச்சி நம் துறையோடு தொடர்புடையது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த வேளையில், அங்கு முதன்மை பெற வேண்டிய மொழி வடமொழியா தமிழா என்னும் விவாதம் எழுந்தது. தமிழுக்கே அவ்விடம் வேண்டும் என்று சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டப்பட்டது. எளிய தமிழ் மக்கள் தம் கூலியிலிருந்து சிறுசிறு தொகைகளை வழங்கினர். 1956இல் துறை தொடங்கப்பெற்றது. வழங்கியோருள் மிகப் பலர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். தாம் ஒருநாளும் நுழைய முடியாத நூலகத்திற்கு அவர்கள் நூல்கள் வாங்கித் தந்தனர். கற்க விருப்பமில்லாத மக்கள் இவ்வாறு செய்திருக்க இயலாது.

நிலம் கைமாறியபோது

இத்துணை ஆர்வம் கொண்ட ஒரு சமூகம், அடுத்த தலைமுறையில் கல்வியால் பயன்பெறாதோர் வரிசையில் எண்ணப்பட்டது எவ்வாறு என்பது சிந்திக்கத்தக்கது.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்கத் தொடங்கினர். உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார். இதற்கு மறுமொழியாக வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தவணை முறையில் பங்குத்தொகை செலுத்தித் தோட்டங்களின் உடைமையாளராயினர். எனினும் மாற்றத்தின் வேகம் மிகுதியாக இருந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டும் என்றது. குடியுரிமைப் பத்திரத்தின் இன்றியமையாமையைக் காலத்தில் அறிந்துகொள்ளாத குடும்பங்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயின. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். ஒரு படிவத்தை விளக்கிச் சொல்ல ஆளின்மை ஒரு குடும்பத்தின் நாட்டையே மாற்றிவிடக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

அதனையடுத்துச் செம்பனை வந்தது. ரப்பர் மரத்தை அடிக்கடி வெட்ட வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். அதே பரப்பிற்குத் தேவைப்படும் ஆள்கள் குறைந்தனர். வீட்டுமனைகளுக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் நிலங்கள் கைமாறியபோது வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் பறிபோயின. தோட்டத்தை விட்டு வெளியேறியோர் பட்டணத்தின் தொழிற்சாலைகளுக்கும் காவல், துப்புரவுப் பணிகளுக்கும் சென்றனர்.

அரசு முதியோர் கல்வியில் அக்கறை கொள்ளாமல் இல்லை. 1961 முதல் ஊரக வளர்ச்சி அமைச்சின்கீழ் முதியோர் கல்விப் பிரிவு இயங்கியது. அதுவே பின்னர் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறையாக வளர்ந்தது. ஆனால் தோட்டங்கள் தனியார் நிலங்கள் எனக் கருதப்பட்டமையால், ஊரக வளர்ச்சித் திட்டங்களின் எல்லைக்கு வெளியே நின்றன. கம்பத்து மலாய் முதியவருக்குக் கிட்டிய வகுப்பு, வேலிக்கு அப்பால் இருந்த தமிழ் முதியவருக்குக் கிட்டவில்லை.

முன்னர்ச் சுட்டிய நான்கையும் இங்குப் பொருத்திக் காணலாம். சுழல்முறை வேலை மாலை நேரத்தை எடுத்துக்கொண்டது. லயம் கலைந்ததால் கூடுமிடம் மறைந்தது. தொழிற்சாலையின் மொழியும் படிவத்தின் மொழியும் வேறாயின. கூலி குறைந்த பணிகளில், கற்பதால் உயர்வு வரும் என்னும் நம்பிக்கைக்கும் இடமில்லாமற் போயிற்று. ஆர்வம் குன்றியது உண்மையாயின், அது இவற்றின் விளைவாகும், இவற்றின் காரணமாகாது.

புதுக்கோட்டை தரும் ஒப்புமை

நம் முடிவைத் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றால் சரிபார்க்கலாம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் முழு எழுத்தறிவை நோக்கித் தொடங்கப்பெற்றது. தொண்டர்கள் கற்போரின் இருப்பிடத்திற்கே சென்று, வேலை முடிந்த பொழுதில், அவர்தம் மொழியிலேயே கற்பித்தனர். கற்போருள் பெண்களே மிகுதி. கல்லுடைக்கும் தொழிலாளரும் அவருள் இருந்தனர். அகரவரிசையோடு மிதிவண்டி ஓட்டவும் அப்பெண்கள் கற்றதே இவ்வியக்கத்தின் சிறப்பு. ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டியில் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். விளைபொருளை விற்கவும் தண்ணீர் கொணரவும் பிறர் துணையை எதிர்பார்க்கும் நிலை குறைந்தது. நேரம், இடம், மொழி, பயன் ஆகிய நான்கும் இங்கு ஒருங்கே அமைந்தன. எனினும் இயக்கத்தின் முதல் வேகம் தணிந்த பின்னர், கற்ற எழுத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வாய்ப்பில்லாதோர் அதனை மறக்கலாயினர் என்பதும் தமிழக எழுத்தறிவுப் பணியாளர் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும். எழுத்தறிவு ஒரு விழாவோடு முடிவதன்று என்பதற்கு இதுவும் சான்று.

பாரிட் ராஜாவும் தமிழ்ப்பள்ளியும்

மீண்டும் பத்து பாகாட்டிற்கு வருவோம். இம்மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் 1993இல் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அது படிப்படியாக வளர்ந்து, 2007 முதல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. தொழிற்கல்விக்கு ஆசிரியரை உருவாக்குவது அதன் சிறப்புப் பணிகளுள் ஒன்று. நாட்டளவில் 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2001 முதல் சமுதாயக் கல்லூரிகளும் தோன்றின. சமுதாயக் கல்லூரிகளின் குறுகியகால வகுப்புகளில் சேரக் கல்வித் தகுதி தேவையில்லை. பணியனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிப்பிட்டு உயர்கல்விக்கு இடமளிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. தாத்தா காலத்தில் ஆறாம் வகுப்போடு அடைபட்ட பாதை, பேரன் காலத்தில் பெருமளவு திறந்துள்ளது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

ஆயினும் கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே செல்லும் துணிவு பெறுவது வேறு. பள்ளிப் படிப்பில் தோற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட நாற்பது வயதுத் தாய் ஒருத்தி, பல்கலைக்கழக வளாகத்தின் வாயிலைத் தானாக அணுகமாட்டாள். அவள் தயங்காமல் நுழையும் கல்விக்கூடம் ஒன்று உண்டு. அது தன் பிள்ளை பயிலும் தமிழ்ப்பள்ளி. நாட்டில் இன்று தமிழ்ப்பள்ளிகள் 500க்குச் சற்று மேற்பட்டனவாகவே எஞ்சியுள்ளன. இவற்றின் எதிர்காலம் பற்றிய கவலை, மாணவர் எண்ணிக்கை ஒன்றையே சுற்றி வருகின்றது. லயமும் படிப்பகமும் மறைந்துவிட்ட சூழலில், தமிழ் முதியோர்க்கு மொழியும் இடமும் ஒருங்கே கிட்டும் கல்விக்கூடம் தமிழ்ப்பள்ளியே என்பது இக்கவலையில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றால் சில முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். வாழ்நாள் கல்வி நம் சமூகத்திற்குப் புதியதன்று. நாளிதழைச் சூழ்ந்திருந்து கேட்ட தொழிலாளரும் கதை வகுப்பிற்குப் பயிற்சி எழுதியனுப்பிய இளைஞரும் அதனை வாழ்ந்து காட்டினர். அக்கல்வி தளர்ந்ததற்கு வாழ்க்கைச் சூழலின் சிதைவே முதற்காரணம். மக்களின் மனக்குறை காரணமன்று. ஆகவே, கற்க வாருங்கள் என்று அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிவதில்லை. கற்போர்க்கு இயைந்த நேரத்தையும் இடத்தையும் மொழியையும் அமைத்துக் கொடுத்து, கற்றதன் பயனை அவர் விரைவில் காணுமாறு செய்தல் வேண்டும்.

தமிழாசிரியர்கள் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் வகுப்பறையைப் பெற்றோர்க்குத் திறந்துவைத்து, விண்ணப்பப் படிவம், வங்கிக் கணக்கு, கைப்பேசிவழிச் சேவை, அருகிலுள்ள தொழிற்கல்வி வாய்ப்பு ஆகியவற்றைத் தமிழில் விளக்கத் தொடங்கலாம். பல்கலைக்கழகத்தார் தம் ஆய்வுகளை எளிய தமிழில் ஊர்தோறும் எடுத்துச் செல்லலாம். இதனை அறப்பணி என்று கூறிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கூலியிலிருந்து ஒரு பங்கைத் தந்து இத்துறையின் நூலகத்திற்கு வழிவகுத்தனர். அவர்தம் மக்களும் பேரரும் நம் வாயிலுக்கு வெளியே நிற்கும்வரை, 1956இல் நாம் பெற்ற கடன் திருப்பிச் செலுத்தப்படாத கடனாகவே இருக்கும்.